சுவரும் சித்திரமும்

இளம் அறிவியல், இயற்பியல் – இரண்டாம் ஆண்டு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருந்திராது. சாணம் மெழுகிய வாசலில்தான் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும் என்பது விடியற்காலையில் கோலப் பொடி எடுக்கும் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் கைபேசித் திரையே சுவராகிவிட்ட இக்காலத்தில், சித்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நான் குறிப்பிடுவது பங்குச் சந்தை வரைபடங்களை. தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 மணிக்குத் திறக்கிறது. நம் முதல் பாடவேளையும் ஏறத்தாழ அந்நேரம்தான். பேருந்தில், விடுதி முற்றத்தில், கடைசி வரிசை மேசைக்கு அடியில், சிவப்பும் பச்சையுமாய் மெழுகுவர்த்திகள் ஏறி இறங்கும் சிறு திரைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். எந்த மெழுகுவர்த்திக்கு என்ன பொருள், எந்தக் குறிகாட்டி நல்லது என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அந்த மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் மங்கலாகக் கிடக்கும் கட்டங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பேசுபவர்களும் அதை அலங்காரமாகவே எண்ணுகிறார்கள். ஒருவர் பின்னணியைக் கன்னங்கரேலென்று வைக்கிறார். ஒருவர் மேலே நீலம், கீழே ஊதா என்று வண்ணம் கரைந்து இறங்குமாறு வைக்கிறார். வேறொருவர் ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று கட்டங்களை முழுவதுமாக அழித்துவிடுகிறார்.

பின்னணி அலங்காரம் அன்று, அளவுகோல் என்பது என் கருத்து. அதைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வசதியை அறிவோடு பயன்படுத்தினால் உண்மை தெரியும். ஆசையோடு பயன்படுத்தினால் ஆசைதான் தெரியும்.

கட்டம் என்பது அளவுகோல்

இயற்பியல் ஆய்வகத்தில் நமக்குத் தரப்படும் வரைபடத்தாளை எண்ணிப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு, சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கோடு. தாளின் மேல்மூலையில் ‘அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = இவ்வளவு’ என்று எழுதாவிட்டால் நம் விரிவுரையாளர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அது கண்டிப்புக்காகச் செய்வதன்று. அளவுத்திட்டம் இல்லாத வரைபடத்தில் ஏற்றம் இருக்கும். எவ்வளவு ஏற்றம் என்பது இராது.

சந்தை மென்பொருளின் பின்னணிக் கட்டங்களும் இதே வேலையைச் செய்யவே பிறந்தவை. ஆயினும் நம் வரைபடத்தாளுக்கும் அவற்றுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. இவற்றை அறியாதவர் திரையைப் பார்ப்பது, முத்திரை இல்லாத எடைக்கல்லை நம்பிச் சரக்கு வாங்குவது போன்றது.

முதலாவது, தாளில் அளவுத்திட்டத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம். திரையில் மென்பொருள் தானே தேர்ந்தெடுக்கிறது. ஒரு குறியீட்டெண் 25,000 புள்ளியிலிருந்து 25,050 புள்ளிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் நூற்றுக்கு 0.2 பங்கு, அதாவது ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். ஆனால் மென்பொருள் அந்த ஐம்பது புள்ளிகளையே திரையின் அடியிலிருந்து நுனி வரை இழுத்து நிரப்பிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது மலை. கட்டங்களும் அவற்றின் ஓரத்து எண்களும் இருந்தால் அது மலையன்று, மண்மேடு என்று தெரியும். கட்டத்தை அழித்துவிட்டவருக்கு மலை மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, குறுக்குக் கோடுகள் எந்த விலையில் விழ வேண்டும் என்பதையும் மென்பொருளே முடிவு செய்கிறது. ஐம்பது, நூறு, இருநூறு என்று முழு எண்களாகப் பார்த்துக் கோடு போடும். திரையைச் சற்று விரித்தால் புதிய கோடுகள் முளைக்கும். சுருக்கினால் பழைய கோடுகள் மறையும். ஆகவே அக்கோடுகள் சந்தை போட்டவை அல்ல. ஆனால் விலை ஒரு கோட்டைத் தொட்டுத் திரும்பினால், ‘பார், இங்கே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது’ என்று மனம் உடனே கதை கட்டுகிறது. முழு எண்களை ஒட்டி மக்கள் ஆணைகளை வைப்பது உண்மைதான். நாணயச் சந்தையில் அவ்வாறு ஆணைகள் குவிவதைக் கேரல் ஆஸ்லர் என்னும் பொருளியல் அறிஞர் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆனால் ஆணைகளின் குவியல் வேறு, திரையில் மென்பொருள் வரைந்த கோடு வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது, நிலப்படத்தில் வரைந்த அட்சரேகையைக் கடலில் தேடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நெடுக்குக் கோடுகள். ஆய்வகத் தாளில் ஒரு சென்டிமீட்டர் எப்போதும் ஒரே கால அளவு. சந்தை வரைபடத்தில் அப்படியன்று. வெள்ளிக்கிழமை மாலை 3.30-க்குச் சந்தை மூடிய கணத்தின் பக்கத்திலேயே திங்கட்கிழமை காலை 9.15 ஒட்டி நிற்கும். இடையில் கழிந்த 65 மணி 45 நிமிடம் தாளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளியில் எத்தனையோ நடந்திருக்கலாம். போர் மூண்டிருக்கலாம், ஆட்சி கவிழ்ந்திருக்கலாம். வரைபடமோ தையல் தெரியாத துணி போலத் தொடர்ந்து ஓடும். இந்தத் தையலைக் காட்டுவதற்குத்தான் பின்னணி நிழல் உண்மையில் வேண்டும். ஒரு நாள் வெண்மை, அடுத்த நாள் மெல்லிய சாம்பல் என்று பட்டை போட்டால், நாள் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஒரு வணிக நாள் 375 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி என்றால் ஒரு பட்டைக்குள் 75 அடங்கும். குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இரு நூற்றாண்டுக்கு முந்தைய நிழல்

பின்னணியில் கட்டமும் நிறமும் இடுவது கணினி கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர் 1786-ஆம் ஆண்டு இலண்டனில் வணிக, அரசியல் வரைபட நூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்து பிற நாடுகளோடு நடத்திய ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுவாரியாகக் கோடுகளால் காட்டிய நூல் அது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள்.

டென்மார்க், நார்வே நாடுகளோடு நடந்த வணிகத்தைக் காட்டும் அவருடைய படம் புகழ் பெற்றது. 1700 முதல் 1780 வரை இரண்டு கோடுகள் ஓடுகின்றன. ஒன்று இறக்குமதி, மற்றது ஏற்றுமதி. நூற்றாண்டின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் இடத்துக்கு முன் உள்ள இடைவெளி இங்கிலாந்துக்குப் பாதகம் என்று ஒரு நிறம். பின் உள்ள இடைவெளி சாதகம் என்று வேறு நிறம். பின்னால் மெல்லிய கட்டங்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளேஃபேர் இட்ட நிறத்துக்கு அளக்கத்தக்க பொருள் இருந்தது. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள உயரத்தைக் கட்டங்களைக் கொண்டு எண்ணினால் இத்தனை பவுன் என்று விடை வரும். எண்ணிச் சரிபார்க்கக் கூடிய நிழலாக அது அமைந்தது. இன்று நம் திரைகளில் விரிக்கப்படும் நிழல்களில் எத்தனைக்கு இந்தத் தகுதி உண்டு?

கண் செய்யும் மாயம்

பின்னணி நிறம் முன்னால் இருப்பதை மாற்றிக் காட்டும் என்பது ஐயமற நிறுவப்பட்ட அறிவியல். பாரிசில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். நீல, ஊதாத் துணிகளில் கறுப்பு நூல் எடுபடவில்லை என்று அவரிடம் முறையிட்டார்கள். அவர் ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டார். ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் என்பதை 1839-இல் நூலாகவே எழுதினார். நம் திரைக்கும் இது பொருந்தும். சிவந்த பின்னணியில் நிற்கும் பச்சை மெழுகுவர்த்தி பளிச்சென்று எழும்பும். பச்சைப் பின்னணியில் நிற்கும் அதே மெழுகுவர்த்தி சோர்ந்து தெரியும். விலை ஒன்றுதான், வேறுபட்டது சுவர்.

ஒளி மாறும் ஓரங்களில், உண்மையில் இல்லாத வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் தோன்றுவதை எர்ன்ஸ்ட் மாக் என்னும் இயற்பியலார் 1865-இல் விளக்கினார். ஒலியின் வேகத்தோடு ஒப்பிட நாம் சொல்கிறோமே மாக் எண், அந்த மாக் தான் இவர். கரிய சதுரங்களுக்கு இடையே வெண்மையான பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால், அவை சந்திக்கும் இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் மினுங்கித் தோன்றும்; உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். லூடிமார் ஹெர்மான் 1870-இல் இதை எழுதினார். கறுத்த திரையில் பளீரென்ற வெள்ளைக் கட்டங்கள் வைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அளப்பதற்கு வைத்த கட்டமே இல்லாததைக் காட்டத் தொடங்கினால் அதனால் யாது பயன்?

நிறக்குருடு பற்றியும் ஒரு வார்த்தை. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே சிவப்பும் பச்சையும் பிறரைப் போலத் தெரியவில்லை. தம் குறையை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1798-இல் அச்சாயிற்று. இக்குறை பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. நம் வகுப்பிலும் ஓரிருவர் இருக்கலாம். அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். சிவப்புக்கும் பச்சைக்கும் பதிலாக நீலமும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டால் எல்லோர் கண்ணுக்கும் வேறுபாடு தெரியும். பச்சைதான் ஏற்றம் என்பது இயற்கை விதியும் அன்று. சீனத்திலும் ஜப்பானிலும் ஏற்றத்துக்குச் சிவப்பு நிறமே வழக்கம்.

நிழல் சொல்லும் தீர்ப்பு

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

என் நண்பர் ஒருவர் இணையத்தில் யாரோ விற்ற ஒரு வண்ண அமைப்பை விலைக்கு வாங்கினார். அதை வரைபடத்தில் இணைத்தால் பின்னணி முழுவதும் பட்டை பட்டையாக நிறம் மாறும். பச்சைப் பட்டையில் வாங்க வேண்டும், சிவப்புப் பட்டையில் விற்க வேண்டும். வேறொன்றும் சிந்திக்க வேண்டா என்பது விற்றவர் வாக்குறுதி. பழைய வரைபடத்தைத் திறந்து பார்த்தால் வியப்பாகத்தான் இருந்தது. விலை ஏறிய இடமெல்லாம் பச்சை, இறங்கிய இடமெல்லாம் சிவப்பு. ஒரு தவறும் இல்லை.

ஒரு தவறும் இல்லாததே ஐயத்துக்கு உரியது. ஆய்வகத்தில் பத்துப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இம்மியும் பிசகாமல் விழுந்தால் நம் விரிவுரையாளர் பாராட்டுவதில்லை. ‘அளந்தாயா, எழுதினாயா?’ என்று கேட்பார். இத்தகைய நிழல்களில் பல, விலை போன பிறகு பின்னோக்கிச் சென்று தம் நிறத்தைத் தாமே மாற்றிக்கொள்பவை. ‘ரீபெயின்ட்’ என்று வணிகர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று நண்பகலில் திரை என்ன நிறம் காட்டியது என்பதும், இன்று அதே நண்பகலுக்கு என்ன நிறம் காட்டுகிறது என்பதும் வேறு வேறு. விடையைப் பார்த்துவிட்டு அளவீட்டை எழுதும் மாணவனை நாம் என்ன சொல்வோமோ அதையே இந்த நிழலுக்கும் சொல்ல வேண்டும்.

நண்பர் இழந்தது ஒரு பருவத்தின் விடுதிக் கட்டணம். சிலருக்கு அது சிறு தொகை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு அப்படியன்று. அந்தப் பணத்தில் யாரோ ஒருவர் அடகு வைத்த கம்மலும், இன்னொருவர் மறந்த தீபாவளித் துணியும் கலந்திருக்கும். எனக்கும் அது தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இது ஒருவர் கதை அன்று. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், பங்குகளின் முன்பேர, விருப்பப் பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் இழந்தார்கள். செலவுகளையும் சேர்த்து ஒருவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 இலட்ச ரூபாய். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடியைத் தாண்டியது. செலவு போக ஓர் இலட்சத்துக்கு மேல் ஆதாயம் கண்டவர் நூற்றுக்கு ஒருவரே. இவ்வணிகத்தில் 30 வயதுக்கு உட்பட்டோரின் பங்கு 2022-23-இல் நூற்றுக்கு 31 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே 43 ஆயிற்று. 2025 ஜூலையில் வந்த அடுத்த ஆய்விலும், 2024-25-இல் நூற்றுக்கு 91 பேர் இழந்ததாகவே கணக்கு. அந்த 43-க்குள் நம் தலைமுறை நிற்கிறது.

எப்படி அமைக்கலாம்?

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது எளிது. ஆகவே என் யோசனைகளையும் சொல்கிறேன். டிரேடிங்வியூ போன்ற மென்பொருள்களில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘கேன்வாஸ்’ என்ற இடத்தில் பின்னணியும் கட்டக் கோடுகளும் இருக்கும். மெட்டாடிரேடரில் எஃப்8 விசையை அழுத்தினால் நிறங்களின் பட்டியல் வரும்; கன்ட்ரோலோடு ஜி அழுத்தினால் கட்டம் தோன்றும், மீண்டும் அழுத்தினால் மறையும்; கன்ட்ரோலோடு ஒய் அழுத்தினால் நாட்களைப் பிரிக்கும் கோடு வரும்.

பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும். கரைந்து மாறும் வண்ணம் வேண்டா. அதில் மேலே நிற்கும் விலையும் கீழே நிற்கும் விலையும் வேறு வேறு சுவரில் எழுதியவை ஆகிவிடும். கட்டக் கோடு தேடினால் தெரிய வேண்டும், தேடாதபோது கண்ணில் படக் கூடாது. எட்வர்ட் டஃப்டி 1983-இல் எழுதிய வரைபட நூலில் வலியுறுத்தியதும் இதுவே: மை தரவுக்குச் செலவாக வேண்டும், கட்டம் அடங்கி நிற்க வேண்டும். நிழல் இட விரும்பினால் காலத்துக்கு இடுங்கள். நாள் மாறுவதைக் காட்ட ஒரு பட்டை, வேண்டுமானால் சந்தை திறந்த முதல் அரை மணிக்கு ஒரு பட்டை, அவ்வளவு போதும். டிரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்ட் மொழியில் ‘பிஜிகலர்’ என்ற ஒரே கட்டளையால் இதைச் செய்யலாம். நிறத்துக்குப் பக்கத்தில் 90 என்று ஊடுருவல் எண் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு நிறமே படியும். நம் ஆய்வகத் தாளின் மெல்லிய கோட்டைப் போல அது அடக்கமாய் இருக்கும்.

பல ஆண்டு வரைபடம் என்றால் மடக்கை அளவுக்கு மாற்றுங்கள். நூறு ரூபாய் இருநூறானதும், ஆயிரம் ரூபாய் ஆயிரத்து நூறானதும் சாதாரணக் கட்டத்தில் ஒரே உயரம். ஒன்று இருமடங்கு, மற்றது பத்தில் ஒரு பங்கு. மடக்கைக் கட்டத்தில்தான் சம விகிதத்துக்குச் சம உயரம் கிடைக்கும். மடக்கைப் பட்டியலைப் புரட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது புதிதும் அன்று.

சிலர் கேட்கலாம்: ‘கட்டத்தின் நிறத்தை மாற்றினால் இழப்பு நின்றுவிடுமா?’ நிற்காது. எந்தக் கட்டமும் நட்டத்தை ஆதாயமாக்காது. ஆனால் தான் காணும் மலை உண்மையில் 0.2 விழுக்காடுதான் என்று அறிந்தவன் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத்தில் வகுப்புக்கும் போய்விடலாம். ‘அப்படியானால் சந்தைப் பக்கமே போகாதீர்கள் என்று நேராகச் சொல்லிவிடலாமே’ என்று பெரியவர்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்தாகிவிட்டது. விலக்கப்பட்டது இன்னும் இனிக்கிறது. தடுப்பதைவிட அளக்கக் கற்றுக்கொடுப்பது நிலையான பலன் தரும் என்பது என் எண்ணம்.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் முதல் வாரத்திலேயே கற்கும் வரைபடப் பாடத்தை, வரலாறு, வணிகவியல், தமிழ் என்று எல்லாத் துறை மாணவர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் நடத்துங்கள். பொருளியல் துறையினர் செபியின் கணக்கைக் கொண்டுவரட்டும். நாங்கள் வரைபடத்தாளைக் கொண்டுவருகிறோம். ஒரே விலைப்பட்டியலை மூன்று வேறு அளவுத்திட்டங்களில் அவரவர் கையாலேயே வரைந்து பார்க்கட்டும். மூன்றிலும் எண் ஒன்றுதான், தோற்றம்தான் மூன்று என்பதைத் தன் பென்சிலால் கண்டவரிடம் எந்த வண்ண நிழலையும் எளிதில் விற்றுவிட முடியாது.

நண்பர்களே, அடுத்த முறை திரையைத் திறக்கும்போது மெழுகுவர்த்தியைப் பார்ப்பதற்கு முன் வலப்பக்க ஓரத்து எண்களைப் படியுங்கள். ஒரு கட்டம் எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். விடை தெரியும்வரை விரலை எடுத்து வைத்திருங்கள்.